திருவிருந்துக்கு எழும்பாத அம்மாவுக்கு

கடவுளுக்கு மட்டும் பயந்து வாழ்ந்த என் அம்மாவுக்கு,

பியதாச செத்துப்போனார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் கைவேலையை நிறுத்தாமலே "எப்ப?" என்று மட்டும் கேட்டிருப்பாய். போன புதன்கிழமை, அம்மா, கண்டி ஆஸ்பத்திரியில். சாவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் போய்ப் பார்த்தேன். அவர் என்னிடம் உன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் சரியா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பியதாச யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதம் நம் சபை இதழில் வரும், சபையாரும் வாசிக்கப்போகிறார்கள். உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். உனக்குப் பழங்கதை என்றால் கோபம் வரும் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அப்போது நாம் ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய்க் கட்டிய லயத்து அறை ஒன்றில் இருந்தோம். அப்பா நேரத்தோடு கண்ணை மூடிவிட்டார். நீ கொழுந்து பறித்து அண்ணனையும் என்னையும் வளர்த்தாய். அண்ணன் சாமுவேல் கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பக்கத்தில் சிங்களவரான பியதாசவின் தையல் கடை. துணி வாங்குகிறவர்களை அண்ணன் அவரிடம் தைக்க அனுப்புவான். நீ கட்டிக் கொடுக்கும் ரொட்டியையும் சம்பலையும் இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்பார்கள். கிறிஸ்மஸுக்கு அவர் நம் லயத்துக்கே வந்திருக்கிறார். உன்னை "அம்மே" என்றுதான் கூப்பிடுவார். நீயும் அவருக்கு அண்ணனைவிட ஒரு முறுக்கு கூடுதலாகத்தான் வைப்பாய்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கண்டியில் தமிழர் கடைகளை எரித்தார்கள். கூட்டம் வருவதைப் பார்த்ததும் பியதாச அண்ணனைத் தன் கடைக்குள் இழுத்துக்கொண்டார். துணி வெட்டும் மேசைக்கு அடியில் ஒளித்து, மேலே சீலையைப் போட்டு மறைத்தார். யாரும் கேட்காமல் அவராகச் செய்தது அது. நீ எப்போதும் இதைத்தான் முதலில் சொல்வாய், நானும் அப்படியே சொல்கிறேன். கூட்டம் வந்து உள்ளே யார் என்று கேட்டது. யாருமில்லை என்றார். மறுபடி கேட்டது. மறுபடியும் யாருமில்லை என்றார். பிறகு அவர்கள் கதவில் பெற்றோலை ஊற்றினார்கள். கடைக்கு மேலே இருந்த அறையில் அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். பியதாச மேசையிலிருந்த சீலையை விலக்கினார்.

அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அண்ணனைப் புதைக்க நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். பியதாசவேதான் வந்து சொன்னார். ஊர் அடங்கியதும் தோட்டத்துக்கு ஏறி வந்து, லயத்து வாசலில் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "அம்மே, நான்தான் காட்டிக் குடுத்தது" என்றார். மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? நீ ஒரு கேள்விதான் கேட்டாய். "மேல இருந்த ஒன் புள்ள நல்லா இருக்கா?" நல்லா இருக்கு என்று தலையாட்டினார். நீ கதவைச் சாத்தினாய். அன்றைக்கு நீ அழவில்லை. உலையை வைத்தாய், அரிசியைப் போட மறந்துவிட்டாய். தண்ணீர் மட்டும் கொதித்துக் கொதித்து வற்றியது.

பிறகு நாம் அம்பிட்டியவுக்கு வந்தோம். ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் உனக்கு வேலை கிடைத்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனோம். இனி வருவதுதான் சபை முழுவதும் பேசிய கதை. நம் கோயிலில் திருவிருந்து என்றால், ஏசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்க, நீள பெஞ்சு வாங்குகளிலிருந்து வரிசை வரிசையாக எழும்பி முன்னுக்குப் போய் முழங்கால்படியிட வேண்டும். நீ வாங்கின் ஓரத்தில், நடைபாதைப் பக்கம் உட்காருவாய். எல்லாரும் எழும்புவார்கள், நீ மட்டும் எழும்பமாட்டாய். நகர்ந்து வழிவிடவும் மாட்டாய். அந்த வாங்கில் இருக்கும் அத்தனை பேரும் உன் முழங்காலை உரசிக்கொண்டுதான் அப்பம் வாங்கப் போக வேண்டும். நானும் அப்படித்தான் போனேன்.

கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லும்போதும், பிறர் நமக்குச் செய்த குற்றத்தை மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் உன் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த வரிக்குத் திறக்கும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அது கேட்கும். ஒருத்தி சத்தமாகச் சொல்வதைவிட ஒருத்தி சொல்லாமல் விடுவது நன்றாகக் கேட்கிறது.

சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினார். நினைவிருக்கிறதா? "அக்கா, சும்மா எந்திரிச்சு வாங்க. எல்லாருந்தான் போறாங்க. யாரு யார முழுசா மன்னிச்சிருக்கா?" என்றார்.

"அது அவுங்க பாடு" என்றாய் நீ. "மன்னிக்காதவ மன்னிச்சவ மாதிரி கைய நீட்டினா அது பொய்ச்சாட்சி. கடையில பொய் சொல்லலாம், கங்காணிகிட்ட பொய் சொல்லலாம். ஆண்டவரு பந்தியில ஒக்காந்துகிட்டு பொய் சொல்ல எனக்கு ஏலாது."

மூப்பர் தேத்தண்ணீரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார். உன் வாய்க்கு எதிரே நிற்க நம் சபையில் ஆளில்லை.

நான் ஒருநாள் கேட்டேன். நீ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். "ஏம்மா, ஏழெழுபது தடவ மன்னிக்கணும்னுதானே ஏசு சொன்னாரு?"

"ஒரே ஆளு அத்தன தடவயா தப்புப் பண்ணுவான்?" என்றாய். "இல்லடி. தப்பு ஒண்ணுதான். அந்த ஒண்ணையே அத்தன தடவ மன்னிக்க வேண்டியிருக்கு. காலையில ஜெபம் பண்றப்ப மன்னிச்சிடுறேன். சத்தியமா மன்னிச்சிடுறேன். அடுப்ப மூட்டுறேன், சோறாக்குறேன், பொழுது சாயுறப்ப பாத்தா அது திரும்ப வந்து நெஞ்சுல ஒக்காந்திருக்கு."

"திருவிருந்து காலையிலதானே. அப்பப் போயி வாங்கிக்கயேன்" என்றேன் நான், குறும்பாக.

"சாயங்காலம் வரும்னு ஆண்டவருக்குத் தெரியாதா?" என்று சொல்லி, என் வாயில் ஒரு பிடி தேங்காய்ப்பூவைத் திணித்தாய். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் நம் சபையாருக்கு ஒரு யோசனை வந்தது. சிங்களச் சபையையும் அழைத்து ஒப்புரவு ஆராதனை நடத்துவது. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மன்னிப்பையும் கீத ஆராதனை மாதிரி ஒத்திகை பார்த்து நடத்திவிடலாம் என்று நினைத்தார்களே, அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. பியதாசவை எங்கேயோ தேடிப்பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் புத்த சமயத்தவர், கோயிலுக்குள் எங்கே நிற்பது என்றுகூடத் தெரியாதவர். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாய் என்று தெரியும்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் அவரை முன்னால் நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, கூன் விழுந்த முதுகு, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். போட்டோ எடுக்கிறவன் படியில் ஏறித் தயாராக நின்றான். "தாயார் முன்னுக்கு வந்து இவருடைய தலையில் கை வைத்து மன்னிப்பை அறிவிப்பார்" என்று போதகர் சொன்னார். சிங்களத்திலும் சொன்னார்கள். எல்லாரும் திரும்பி உன்னைப் பார்த்தார்கள்.

நீ இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாய்.

"நீங்க எல்லாரும் சேந்து மன்னிச்சிட்டீங்க போல. சந்தோசம் ஐயா" என்றாய். "ஒங்க வீட்டுல என்னா எரிஞ்சிச்சு?"

போட்டோ எடுக்கிறவன் கமராவை இறக்கினான். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு நீ பியதாசவைப் பார்த்தாய். காட்சிப்பொருளாக நடுவில் நின்றுகொண்டிருந்த அந்தக் கிழவனை. "வாடி வென்ன" என்று உனக்குத் தெரிந்த சிங்களத்தில் உட்காரச் சொன்னாய். அவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் நீ அந்த வாங்கில் நகர்ந்தாய். அவர் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திருவிருந்துக்கு எல்லாரும் எழும்பினார்கள். நீங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை. அவருக்கு அது மார்க்கமில்லை, உனக்கு அதற்கு மனமில்லை. உன் முழங்காலையும் அவர் முழங்காலையும் தாண்டி நாங்கள் போய் அப்பம் வாங்கி வந்தோம். நீங்கள் ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியாது. முடிந்து இறங்கும்போது அவர் "அம்மே" என்றார். "பாத்து எறங்கு, படி வழுக்கும்" என்றாய். அவ்வளவுதான்.

நீ சபையை அவமதித்துவிட்டாய் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மறைமுகமாக மன்னித்துவிட்டாய் என்று மீதிப் பேர் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நான் எது உண்மை என்று கேட்டேன். "ரெண்டுமில்ல. அந்த மனுசன் நிக்க ஏலாம நின்னான்" என்றாய்.

உன் கடைசி நாளிலும் போதகர் அப்பமும் ரசமும் கொண்டு வந்தார். உன் உதட்டருகே கொண்டுபோனார். நீ கையை மட்டும் இலேசாக அசைத்தாய். வேண்டாம் என்பதற்கா, எல்லாம் போதும் என்பதற்கா, களைப்பா? நான் உன் மகள், எனக்கே தெரியவில்லை. போதகர் அதைத் திரும்ப எடுத்துப் போனார். நான் அவரோடு வாசல்வரை போனேன். அடக்கத்தன்று நல்லவர்கள் சிலர் உன் ஆத்துமாவை நினைத்துக் கவலைப்பட்டார்கள். எனக்குக் கேட்கும்படியாகவே கவலைப்பட்டார்கள்.

இனி உனக்குத் தெரியாதது.

போன மாதம் பியதாசவின் மகள் நம் வீட்டுக்கு வந்தாள். பெயர் நில்மினி. மேல் அறையில் இருந்த கைக்குழந்தை. இப்போது அவளுக்கே தலை நரைக்கத் தொடங்கும் வயது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். மழையில் நனைந்த கறுப்புக் குடை, நீல வார் வைத்த செருப்பு. கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சிங்களத்தில்தான் பேசினாள், எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். அப்பாவுக்கு இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சாமுவேலின் அம்மா என்னை மன்னித்தாரா? வந்து சொல்ல முடியுமா, அன்ட்டி?

நான் போதகரிடம் போய்க் கேட்டேன். இப்போது இருப்பவர் சின்ன வயதுக்காரர், அன்பானவர். "மன்னிச்சிட்டாங்கன்னு சொல்லிருங்க, அக்கா. சாகப்போற மனுசனுக்கு அது பொய்யில்ல, கிருபை" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை எனக்கு இனித்தது. எவ்வளவு சுலபம். மறுத்துப் பேச நீயும் இல்லை. ஆனால் உன் பெயரில் நான் எப்படிப் பொய்ச்சாட்சி சொல்வது? அத்தனை வருடம் ஊர் வாய்க்குப் பயப்படாமல், அந்த அப்பம் இல்லாமல் பட்டினி கிடந்தவள் நீ. அந்தப் பட்டினியை ஒரு வார்த்தையில் ஒன்றுமில்லாமல் ஆக்க நான் யார்?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரை அடையாளம் தெரியவில்லை. நான் போன நேரம் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை செய்கிற பெண் என்னைப் பார்த்து, "கொஞ்சம் புடிங்க மிஸ்" என்றாள். யோசிக்க நேரமில்லை. அவர் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். எலும்பும் தோலும்தான். அவர் தலை என் தோளில் சாய்ந்தது. அண்ணனைக் காட்டிக் கொடுத்த மனுஷன் என் மேல் சாய்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். கை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவார். இதற்கு மன்னிப்பு என்று பெயரா, அம்மா? பெயரில்லாத ஒன்றா?

படுக்க வைத்ததும் கண் திறந்தார். என் மூக்கும் நெற்றியும் உன்னுடையவைதான். அதைப் பார்த்திருக்க வேண்டும். "அம்மே" என்றார். பிறகு தெளிந்து, தமிழில் கேட்டார், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில். "அம்மா என்ன மன்னிச்சதா, நங்கி?"

நில்மினி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வளையல் போட்ட கைகளைக் கூப்பி, ஆம் என்று சொல்லும்படி கெஞ்சுவது எனக்குத் தெரிந்தது.

"காலையில மன்னிப்பாங்க" என்றேன். "சத்தியமா மன்னிப்பாங்க. சாயங்காலம் அது போயிரும். மறுநா காலையில திரும்ப மன்னிப்பாங்க. சாகுறமட்டும் அப்படித்தான் இருந்தாங்க."

அவர் "ஒவ்வொரு நாளுமா?" என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது ஆறுதலா, சாட்டையடியா, எனக்குத் தெரியாது. கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். புதன்கிழமை செய்தி வந்தது. காலையிலா மாலையிலா என்று நான் கேட்கவில்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். அவர்கள் வெள்ளை உடுத்து, வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். நில்மினி என்னைக் கண்டதும் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"காலையை மட்டும் சொல்லியிருக்கலாமே அன்ட்டி" என்றாள். "சாயங்காலத்தை விட்டிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும்? கடைசிவரை அதையே முணுமுணுத்துக்கொண்டு செத்தார்."

உண்மையைத்தான் சொன்னேன் என்று ஏதோ சொன்னேன். அது எனக்கே சப்பென்று இருந்தது. அவள் விடவில்லை. அவள் குரல் இறங்கிவிட்டது.

"அப்பாவைப் போய்ப் பார்த்தீர்கள். தூக்கியும் பிடித்தீர்கள். என்னை மட்டும் இதுவரை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் என்ன செய்தேன், அன்ட்டி?"

அப்போதும் நான் அவள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மைதான், அம்மா. அவள் குடை எனக்குத் தெரியும், செருப்பு தெரியும், வளையல் தெரியும். நாளைக்குக் கண்டிக் கடைத்தெருவில் எதிரே வந்தால் அவளை எனக்கு அடையாளம் தெரியாது.

உன் சண்டை அவரோடு. அதை நீ ஒளிக்கவில்லை, எல்லாரும் பார்க்க வாங்கில் உட்கார்ந்தாய். நானோ உன்னைத் தாண்டித் தாண்டிப் போய் அப்பம் வாங்கினேன், எனக்கு யார் மேலும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு. என் நெஞ்சில் இருந்தது பியதாச இல்லை. மேல் அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை. அது மட்டும் அங்கே இல்லாதிருந்தால் அந்தச் சீலை விலகியிருக்காது, என் அண்ணன் இருந்திருப்பான். அவள் ஏன் உயிரோடு இருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக எனக்குள் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு அசிங்கம். குற்றம் செய்தவனை மன்னிப்பதைப் பற்றிப் பிரசங்கம் பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். ஒரு குற்றமும் செய்யாதவளை எப்படி மன்னிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீயாவது சொல்லியிருக்கலாம்.

குனிந்த தலையோடு வாசலுக்கு நடந்தேன். கூடவே வந்தவள், மூன்றாம் மாதம் அப்பா பெயரில் தானம் கொடுக்கும்போது வரச் சொன்னாள். தானம் வாங்கும் புத்த குருமார் ஓதி, இறந்தவருக்குப் புண்ணியம் சேர்ப்பிக்கும்போது சாமுவேல் மாமாவின் பெயரையும் சொல்லச் சொல்லலாமா என்று கேட்டாள். நமக்கு அந்த வழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லம்மா, சொல்லட்டும் என்றேன். அண்ணன் பெயரை ஆராதனையில் நாமே சொல்லி எத்தனை காலம்?

போவேன், அம்மா. போதகர் கேட்டாலும், சபை சிரித்தாலும் போவேன். அவளை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. அவளிடம்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கும் இன்னும் தைரியம் வரவில்லை. ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய், அண்ணன் உயிருக்குப் பதிலாக இந்த உலகத்தில் மிஞ்சிய அந்த முகத்தை நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

உன் மகள்,
சாமுவேலின் தங்கச்சி,
ரூத்